ஓய்வு நாளின் ரத்தம்

கொக்கின் வீட்டுக் காலிங்பெல் இரண்டே காரணத்துக்குத்தான் அடிக்கும். ஒன்று, கீழ்வீட்டுப் பார்சலைத் தவறிப்போய் மூன்றாவது மாடிவரை தூக்கி வந்திருப்பார்கள். இன்னொன்று, அவளுடைய ரத்தத்தை எடுக்க வந்திருப்பார்கள்.

கொக்கு என்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பேர். ஓட்டத்துக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைப் பின்பக்கம் மடித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருப்பாள். பார்த்தவள் எவளோ சிரித்துக்கொண்டே சூட்டினாள். பெற்றவர்கள் வைத்த பேர் சான்றிதழ்களில் தூங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது முப்பத்தொரு வயது. மாரத்தான் ஓடுகிறாள். அடுத்த பெரிய போட்டிக்கு நாட்டின் சார்பில் போகிறவர்களில் அவளும் ஒருத்தி. அந்த வயதில் அதற்கடுத்த போட்டி என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும்.

நாளைக் காலை எங்கே இருப்பாய் என்று நம்மை யாராவது கேட்டால், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். அவளால் முடியாது. ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் பதிந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணி அடிப்பார்கள். ஆள் இல்லாவிட்டால் ஒரு புள்ளி. ஒரு வருஷத்துக்குள் மூன்று புள்ளி விழுந்தால் மருந்தே தொடாதவளும் மருந்தடித்தவள் மாதிரிதான், வீட்டுக்குப் போகலாம். கொக்கு காலை ஆறிலிருந்து ஏழு என்று எழுதி வைத்திருந்தாள். ஏழு மணிக்குமேல்தான் பயிற்சிக்குக் கிளம்புவாள்.

அவள் இருந்தது மலைமேல் ஒரு சிறு நகரம். அங்கே காற்று மெலிசு. மெலிந்த காற்றில் வாழ்ந்தால் ரத்தம் தானாகவே தடிக்கும், கீழே வந்து ஓடும்போது கால் பறக்கும். அதற்காக நான்கு பெண்கள் சேர்ந்து ஏறி வந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒருத்திக்கு முழங்கால் போயிற்று. மூன்றாமவள் ஒரு நாள் பயிற்சியின் நடுவில் நின்று, "எனக்குப் போதும்பா," என்று சொல்லி, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாளாம். கோச்சின் இதயத்துக்கு உயரம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவர் கீழே, சமவெளியில், தன் விடுதியில் இளசுகளைப் பழக்கிக்கொண்டு இவளுக்குப் போனில் அட்டவணை அனுப்பினார். நான்கு படுக்கை கொண்ட வீட்டில் மூன்று படுக்கைகளின்மேல் ஷூக்களும் துவைத்த துணிகளும் படுத்திருந்தன.

அண்ணன் வீட்டில் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாமே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அண்ணிதான் போனை எடுத்தாள். நல்ல மனுஷி. மறைக்கத் தெரியாதவள்.

"தாராளமா வா, இது உன் வீடு. ஆனா போன தடவை மாதிரி காலங்காத்தால அந்த ஊசிக்காரங்க வந்து பெல்லை அழுத்தினா, பாப்பா முழிச்சிக்குவா. முழிச்சா நாள் பூரா நைநைன்னு இருப்பா. அவங்களை வேற நேரத்துல வரச் சொல்லேன்?"

"அதெல்லாம் நம்ம கையில இல்லை அண்ணி."

"சரி, அப்ப லீவுல வா."

லீவு என்று ஒன்று அவள் பிழைப்பில் இல்லை என்பதை அண்ணிக்கு எப்படிப் புரியவைப்பது? சரி என்று வைத்துவிட்டாள்.

ரத்தம் எடுக்க வருபவளை அவள் ஊசியக்கா என்று கூப்பிட்டாள். ஐம்பதை ஒட்டிய வயது, தடித்த கண்ணாடி, எதைச் செய்தாலும் உதட்டுக்குள் எண்ணிக்கொள்ளும் பழக்கம். அந்த மலைப்பக்கத்துக்கே அவள் ஒருத்திதான். ஓட்டக்காரர், சைக்கிள்காரர், படகு வலிக்கிறவர் என்று எல்லார் வீட்டு வாசலிலும் குளிர்பெட்டியோடு போய் நிற்பாள். வந்ததும் அடையாள அட்டையைக் காட்டுவாள். பத்து நிமிஷம் அசையாமல் உட்காரச் சொல்வாள். எழுந்து நடமாடினால் ரத்தத்தின் அடர்த்தி மாறிவிடுமாம். பிறகு ஊசியும் குழாயும் வைத்து முத்திரையிட்ட மூன்று பெட்டிகளை நீட்டி, உனக்குப் பிடித்ததை எடு என்பாள். அதை உடைத்து, குழாயை மாட்டி, ரத்தம் நிறைந்ததும் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாள். இந்த ரத்தத்தில் யாரும் மருந்தைத் தேடுவதில்லை. சிவப்பணு எவ்வளவு, புதிதாய்ப் பிறந்த இளம் அணு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் எண்ணி வரிசையாக வைப்பார்கள். ஒரு ஆளின் ரத்தம் தன் போக்கைவிட்டு விலகினால், ஏதோ விளையாட்டு நடந்திருக்கிறது என்று பொருள். அந்த வரிசைக்குப் பாஸ்போர்ட் என்று பேர். அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போக முடியாது. ஆனால் அது கெட்டுப்போனால் எங்கேயுமே போக முடியாது.

எல்லாம் அரைமணியில் முடிந்துவிடும்.

முதல்முறை அது முடியாமல் போனது தற்செயல். அன்று தூக்கம் வராமல் கொக்கு விடியுமுன் எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு, ஆறு மணிக்கு வியர்வை சொட்டச் சொட்டப் படியேறி வந்தாள். வாசலில் குளிர்பெட்டியோடு அக்கா.

"ஏம்மா, ஓடிட்டா வர்ற?"

"ஆமாக்கா, இப்பத்தான்."

"போச்சு போ." அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். "ஓடினா ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் ரத்தம் எடுக்கணும். அதுவரைக்கும் நீ என் கண்ணை விட்டு மறையக்கூடாது. இன்னைக்கு உன் மூஞ்சிதான் எனக்கு டிவி."

"நல்ல சேனல் இல்லைக்கா இது."

"பரவாயில்லை, விளம்பரம் இல்லாம இருந்தாச் சரி."

கொக்கு துண்டு எடுக்கப் படுக்கையறைக்குப் போனாள்; அக்கா பின்னாலேயே வந்தாள். சமையலறைக்குப் போனாள், அங்கேயும் வந்தாள். கழிப்பறைக் கதவை மூடப் போனபோது ஒரு கை வந்து தடுத்தது.

"கதவு திறந்திருக்கணும் கண்ணு. நான் உன்னைப் பார்க்கிறேன், ஆனா பார்க்கலைன்னு வெச்சுக்கோ."

கொக்கு சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. சுவர்கூட ஒரு கணம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது.

முட்டை உடைத்து ஊற்றினாள். அக்காவுக்கும் ஒன்று என்றாள்.

"மூச்! உன் வீட்டுத் தண்ணியைக்கூட நான் தொடக்கூடாது."

"விஷம் வெச்சிருவேனா?"

"லஞ்சம் வெச்சிருவே. ஒரு ஆம்லெட்டுக்கு இவ விலை போயிட்டான்னு நாளைக்கு எழுதுவாங்க. விலைதான் போறேன், பிரியாணிக்காவது போக வேண்டாமா?"

தன் பிளாஸ்க்கைத் திறந்து தன் டீயைத் தானே ஊற்றிக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். மலை ஏறும்போது சிங்கமாக இருக்கும் ஒரு சைக்கிள்காரன், ஊசியைப் பார்த்தால் பூனை; அவன் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டால்தான் நரம்பு காட்டுவான். இன்னொருவனின் மனைவி கதவைத் திறந்து, அவர் செத்துப்போயிட்டார் என்று அழுதாளாம்; உள்ளேயிருந்து செத்தவர் இருமினாராம்.

"என் வீட்டுக்காரர்கிட்டகூட எங்க போறேன்னு சொல்லக்கூடாது. சட்டம். இத்தனை வருஷமா இருட்டோட எழுந்து, எங்கன்னு சொல்லாம வெளிய போறேன். மனுஷனுக்கு ஒரு நாளாவது சந்தேகம் வந்திருக்கணுமே! வரலை. அதுதான் எனக்கு வருத்தம்."

பேசும்போதெல்லாம் அக்காவின் கண் கொக்கின்மேலேயே இருந்தது. அவள் குனிந்தால் குனிந்தது, நகர்ந்தால் நகர்ந்தது. விதிக்காகப் பார்க்கும் பார்வைதான். ஆனாலும் இரண்டு மணி நேரம் ஒரு மனுஷி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது என்பது கொக்குக்கு வெயிலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ரத்தம் கொடுத்து, அக்கா போன பிறகும் அந்தச் சூடு வெகுநேரம் தோளில் நின்றது.

அடுத்தமுறை அக்கா வந்தபோது கொக்கு தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் உட்கார்ந்தாள், பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள், கையை நீட்டினாள். கன்னத்தில் தலையணைத் தழும்பு மறைவதற்குள் அக்கா படியிறங்கிவிட்டாள். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததை ஒரு திட்டம் என்று சொன்னால் பாவம், அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். சீக்கிரம் விழிப்பு வந்தது, ஓடினாள், அவ்வளவுதான் என்பாள். ஆனால் அலாரம் தானாகவா முன்னால் நகரும்? அக்கா எந்த நாளில் வருவாள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதானே சோதனையின் உயிர். அதனால் எல்லா நாளும் ஓட வேண்டியதாயிற்று. இருட்டோடு கிளம்பி, ஆறு அடிப்பதற்குள் திரும்பி, ஷூவைக் கழற்றாமல் மேசையருகே உட்காருவாள். ஏழு வரைக்கும் காது வாசலில் இருக்கும். மணி அடிக்காவிட்டால் குனிந்து நாடாவை அவிழ்ப்பாள். சற்று நேரத்தில் மறுபடி கட்டிக்கொண்டு, அட்டவணையில் உள்ள நிஜமான பயிற்சிக்குப் போவாள். ஓய்வு என்று கோச் எழுதிய நாட்களிலும் ஓடினாள். ஓய்வு நாள் என்று அக்காவுக்கு யார் சொன்னது, அன்றைக்குப் பார்த்து வந்துவிட்டால்? ஒவ்வொரு வாரமும் கோச்சுக்கு அனுப்பும் கணக்கிலிருந்து இந்த விடியற்கால ஓட்டங்களை மட்டும் நீக்கிவிடுவாள்.

அதற்குப் பிறகு அக்கா வந்தது ஒரு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை. வந்த ஒவ்வொரு தடவையும் கொக்கு வியர்த்துப்போய் நின்றாள். ஒவ்வொரு தடவையும் அக்கா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குளிர்காலத்தில் ஒரு முறை இருவரும் ஹீட்டரை நடுவில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரன் சேற்றில் சிக்கிய தன் காரை எடுக்க முடியாமல் தவிப்பதை ஜன்னல் வழியாக ஒரு சினிமா போலப் பார்த்தார்கள். அவன் எப்படியும் சக்கரத்துக்கு அடியில் பலகை வைப்பான் என்று கொக்கு சொன்னாள். வைக்க மாட்டான், ஆண்பிள்ளை, உதைப்பான் என்றாள் அக்கா. அவன் உதைத்தான். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"அது சரி," என்றாள் அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "நான் வர்ற அன்னைக்கெல்லாம் கரெக்டா ஓடிட்டு வந்து நிக்கிறியே, எப்படி?"

"உங்க ஸ்கூட்டர் சத்தம் முந்தின நாளே கனவுல கேட்டிரும்க்கா."

அக்கா சிரிக்கவில்லை. "விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே," என்றாள். "சுவருக்கும் காது இருக்கும்."

குளிர்காலம் முடிவதற்குள் கொக்கின் கால் கனக்க ஆரம்பித்தது. பழைய வேகத்துக்கு மூச்சு இரண்டு மடங்கு கேட்டது. படியேறினால் கண் இருட்டியது.

"ஓய்வு நாள்ல என்ன பண்றே?" என்று கோச் போனில் கேட்டார்.

"ஓய்வுதான் சார்."

"அப்புறம் ஏன் கிழட்டு மாடு மாதிரி ஓடறே?"

"தெரியலை சார்."

பொய் சொல்லும்போது அவளுக்குக் குரல் கீழே போகும். கோச்சுக்கு அது தெரியவில்லை. போன் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மதியம் அவரே மறுபடி கூப்பிட்டார். இந்த முறை மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அவளுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்த குழு கடிதம் அனுப்பியிருக்கிறது. சிவப்பணு இறங்கிக்கொண்டே வருகிறது. இளம் அணுவோ ஏறிக்கொண்டே போகிறது. உடம்பிலிருந்து யாரோ ரத்தத்தை வெளியே எடுத்தால்தான் இப்படி ஆகும். எடுத்ததைக் குளிரில் வைத்திருந்து, போட்டிக்கு முன்னால் திரும்ப ஏற்றிக்கொள்ளும் தந்திரம் ஒன்று உண்டு.

"சத்தியமாச் சொல்லு. யாராவது உன்கிட்ட ரத்தம் எடுத்தாங்களா?"

"ஊசியக்கா மட்டும்தான் சார்."

"அந்தம்மா எடுக்கிறது ஸ்பூன் அளவு. அதைக் கேக்கலை." கோச் மூச்சு விட்டார். "சரி, நான் நம்பறேன். ஆனா அவங்க நம்பணுமே. நாலு வருஷம் தடை போட்டா உனக்கு முப்பத்தஞ்சு. முடிஞ்சுது. இதுக்கு ஒரு வழி இருக்கு. குளிர்காலம் பூரா காய்ச்சல், வயித்துப்போக்கு, ரத்தம் நிறையப் போச்சுன்னு சொல்லு. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

கொக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொய் வழுவழுவென்று, கைக்கு அடக்கமாக இருந்தது. சொன்னால் போட்டியும் பிழைக்கும், காலை மணியும் பிழைக்கும்.

"இன்னொண்ணு," என்றார் கோச். "அந்த அம்மாவையும் விசாரிக்கிறாங்க. கிட்டத்தட்ட எல்லாத் தடவையும் நீ ஓடிட்டு வந்து நின்னிருக்கே. அப்படி நின்னா ரெண்டு மணி நேரம் கிடைக்கும், குடம் குடமாத் தண்ணி குடிச்சு ரத்தத்தைத் தணிச்சுக்கலாம், கூட இருக்கிறவ கண்ணை மூடிக்கிட்டா இன்னும் என்ன வேணா பண்ணலாம். வர்ற நாளை அந்தம்மாதான் உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்கிறாங்க. அது அவங்க பாடு. நீ அதைப் பத்தி வாயைத் திறக்காதே. கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

அன்று முழுக்க அவள் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். காய்ச்சல் என்று சொன்னால் அவள் தப்பிக்கலாம். ஆனால் காய்ச்சல்காரி ஒவ்வொரு தடவையும் சரியாக அந்த நாளில் மட்டும் எழுந்து ஓடியது எப்படி என்ற கேள்வி அக்காவின் கழுத்தில்தான் போய் விழும். தெரியாது என்ற ஒரு சொல் போதும், அக்காவின் வேலை போக. உண்மையைச் சொன்னால் அக்கா பிழைப்பாள். சொன்ன பிறகு அக்காவை எவன் இந்த வாசலுக்கு அனுப்புவான்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த உண்மையை வாயால் எப்படிச் சொல்வது? மருந்து அடித்தேன் என்று சொல்வதுகூட இதைவிடச் சுலபம். அதற்கு ஒரு பேர் இருக்கிறது, ஒரு தண்டனை இருக்கிறது.

விசாரணை வீடியோவில் நடந்தது. லேப்டாப் திரையில் மூன்று கட்டம். ஒன்றில் குழுவின் தலைவி, நரைத்த முடியை இழுத்துக் கட்டியவர். ஒன்றில் ரத்த மருத்துவர். அவர் பின்னால் ஒரு பூனை அலமாரி மேல் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவதில் ஒரு வழக்கறிஞர். கோச் போனில் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லாம இருந்ததா உங்க கோச் எழுதியிருக்கார்," என்றார் தலைவி. "அதைச் சொல்லுங்க."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை மேடம்," என்றாள் கொக்கு.

போனில் கோச் இருமினார்.

"ஓடினேன். தினமும் விடியறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் பயிற்சிக்கும் ஓடினேன். ஓய்வு நாள்லயும் ஓடினேன். கோச்சுக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"அக்கா உக்காரணும்னு."

"புரியலை."

"ஓடிட்டு வந்தா ரெண்டு மணி நேரம் ஆகாம ரத்தம் எடுக்க முடியாது. அதுவரைக்கும் அவங்க போக முடியாது. அவங்க இருக்கணும்னு ஓடினேன்."

மூன்று கட்டங்களும் படம் உறைந்துபோன மாதிரி ஆயின. பூனை மட்டும் நடந்தது.

வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். "அந்த ரெண்டு மணி நேரத்துல அவங்ககிட்டேர்ந்து என்ன வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கலை. அவங்க டீயைக்கூட எனக்குத் தரலை. பேசினோம்."

"என்ன பேசினீங்க?"

"எதிர்வீட்டுக்காரர் காரை உதைக்கிறதைப் பத்தி. அவங்க வீட்டுக்காரர் சந்தேகப்படாததைப் பத்தி."

தலைவி எதையோ எழுதப் போய் எழுதாமல் பேனாவை வைத்தார். "அவங்க வர்ற நாளை யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை மேடம். தெரிஞ்சிருந்தா அந்த நாள் மட்டும் ஓடியிருப்பேனே. தெரியாததாலதானே எல்லா நாளும் ஓடினேன்."

அவள் கையில் கட்டியிருந்த கடிகாரம் ஓடிய ஒவ்வொரு அடியையும் வைத்திருந்தது. கோச்சுக்கு அனுப்பாமல் மறைத்ததையும் அது மறக்கவில்லை. அதன் கணக்கை அவர்களுக்குத் திறந்து காட்டினாள். மருத்துவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு மாதமாக நகர்த்திப் பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்த மாசம் பூரா உங்க வீட்டுக்கு யாருமே வரலையே," என்றார்.

"ஆமா டாக்டர்."

"எல்லா நாளும் ஓடியிருக்கீங்க."

"ஆமா."

"திரும்பி வந்து, ஏழு வரைக்கும் இதயத்துடிப்பு அமைதியா இருக்கு. உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பிறகு மற்ற இருவரிடம் சொல்கிறவர் போல மெதுவாகப் பேசினார். ஓயாமல் ஓடினால் பாதம் தரையில் மோதி மோதியே சிவப்பணு உடையும். உடைந்ததற்கு ஈடாக உடம்பு இளசுகளை அவசர அவசரமாக அனுப்பும். அதற்கு வேண்டிய இரும்பும் தீர்ந்துவரும். காகிதத்தில் பார்த்தால் ரத்தத்தை வெளியே எடுத்த மாதிரியேதான் தெரியும். "யாரும் எடுக்கலை," என்றார். "தேய்ஞ்சிருக்கு."

முடிவு சில வாரம் கழித்து வந்தது. முறைகேடு இல்லை. போட்டியில் ஓடலாம். ஓய்வு நாளில் ஓய்வு எடுக்க வேண்டும், இரும்புச்சத்து சாப்பிட வேண்டும். சோதனை அதிகாரி மேல் குற்றம் எதுவும் இல்லை. எனினும் இனி இந்த வீராங்கனைக்கு வேறு அதிகாரி நியமிக்கப்படுவார். கோச் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதில்லை.

"என்னன்னு சொல்றது சார்?"

கோச் இரும்பு மாத்திரையின் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பின்னால் பேருந்துகளின் உறுமல், யாரோ ஊர்ப்பேர்களைக் கத்தும் சத்தம்.

"நான் உன்கிட்டப் பேசக்கூடாது," என்றாள் ஊசியக்கா. "அதனால நீ பேசாதே, நான் பேசறேன். அறிவிருக்கா உனக்கு? என் வேலைக்கே உலை வெச்சிட்டியே! மூணு நாள் உக்கார வெச்சுக் கேள்வி கேட்டாங்க. எனக்கு ஆம்லெட் போட்டியான்னுகூடக் கேட்டாங்க."

"மன்னிச்சிருங்கக்கா."

"பேசாதேன்னேன்ல. ஓய்வு நாள்ல ஓடுவாளா ஒருத்தி? ரத்தத்தைப் போய் இப்படித் தேய்ப்பாளா? தினமும் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்த எனக்கே தெரியலையே!" தினமும் என்று அக்கா சொன்னது கொக்கின் காதில் விழுந்தது. அக்காவும் அதைக் கேட்டிருக்க வேண்டும். பிறகு குரல் மாறிற்று. "இங்க பாரு கண்ணு. நான் உன்னைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்ல, அது வேலை. என் லிஸ்ட்ல உன்னை மாதிரி அறுபது பேர் இருக்காங்க. எல்லார் வீட்டுலயும் நான் பேசுவேன். பேசலைன்னா எனக்குத் தூக்கம் வந்துரும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி." பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. "அந்த அறுபது பேர்ல நான் வந்தா சந்தோஷப்பட்ட ஆள் நீ ஒருத்திதான். அதையும் தெரிஞ்சுக்கோ. வெச்சிடறேன்."

போன் இருட்டாயிற்று. கொக்கு அதை மேசைமேல் வைத்துவிட்டு, மற்ற மூன்று படுக்கைகளிலும் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்து முடித்ததும்தான் தான் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே புரிந்தது. கோச்சைக் கூப்பிட்டாள்.

"சார், கீழே வர்றேன். விடுதியில ஒரு படுக்கை குடுங்க."

"போட்டிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. இப்ப இறங்கினா மேல சேர்த்து வெச்ச ரத்தமெல்லாம் கரைஞ்சு போயிரும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்."

"ரெண்டு நிமிஷமாவது கூடும். முதல் பத்துக்குள்ள வர முடியாது."

"கூடட்டும் சார்."

கோச் யாரிடமோ ஒரு படுக்கையைக் காலி பண்ணச் சொன்னது போனில் கேட்டது. பிறகு, "இங்க பசங்க ராத்திரி பூரா கூத்தடிப்பாங்க. பழகிக்கணும்," என்றார்.

மறுநாள் பகல் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலை வளைந்து வளைந்து இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் காற்று கொஞ்சம் தடித்தது. காது அடைத்துத் திறந்தது. இத்தனை வருஷம் சேர்த்த உயரம் உடம்பிலிருந்து வழிந்து போவதை அவளால் உணர முடியும் போலிருந்தது. அது வெறும் கற்பனை. ரத்தம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. இருந்தாலும் ஒரு கணம் பயமாக இருந்தது. இறங்கிவிடலாமா, திரும்பி ஏறும் பேருந்தைப் பிடிக்கலாமா என்று ஒரு நிறுத்தத்தில் எழுந்துகூட நின்றாள்.

அதற்குள் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஏதோ மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வந்தவளாக இருக்க வேண்டும். சீருடைமேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். டிக்கெட்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடியே கண்ணயர்ந்தாள். அடுத்த வளைவில் அவள் தலை சரிந்து கொக்கின் தோளில் விழுந்தது. கனமான தலை. அந்தப் பெண்ணின் தலைக்குக் கொக்கின் தோள் கொஞ்சம் உயரம்.

கொக்கு தோளைத் தாழ்த்திக்கொண்டாள்.